நெற்பவளம்: மணிக்கும் கஞ்சிக்கும்

ஓடைக்கரையிலும் தேயிலை மலைக் கான் (வடிகால்) ஓரத்திலும் ஆளுயரம் வளரும் புல், நெற்பவளம். காய் பச்சையிலிருந்து சாம்பல் வெள்ளையாகி, தொட்டால் உதிரும்போது பறியுங்கள். களைநாசினி அடித்த மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் கானில் மட்டும் பறிக்காதீர்கள்.

நல்ல வெயிலில் நாலைந்து நாள் காய வேண்டும். மூடுபனிக் காலமென்றால் அடுப்புக்கு மேலே பரணில் போடுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு தண்ணீரில் கொட்டி, மிதக்கும் சொத்தையை அள்ளி எறிந்துவிட்டு, மற்றதைத் திரும்பக் காயவிடுங்கள்.

மாலை கோப்பதற்குத் துளை போட வேண்டாம். நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் பூக்காம்பை இழுத்தால் துளை தானாகத் திறக்கும். வராவிட்டால் ஊசியால் குத்தித் தள்ளுங்கள்.

சாப்பிடத்தான் பாடு. காட்டு ரகத்தின் ஓடு கல். உரலில் ஓங்கி இடித்தால் பருப்பும் சேர்ந்து மாவாகிவிடும். அம்மியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, சுளகில் புடைத்து, ஓட்டுச் சில் போகும்வரை பொறுக்குங்கள். 50 கிராம் பருப்பை இரவு ஊறவைத்து, 6 கப் தண்ணீரில் ஒரு மணிநேரம் சிறுதீயில் வேகவிட்டால் கஞ்சி. சிறுநீர் நன்றாகப் பிரிய இதைக் குடிப்பது பழைய வழக்கம். சீன மருத்துவத்திலும் இந்தப் பருப்பு உண்டு. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கலாம்.