இறவைச் சோளத்துக்குக் குப்பை எவ்வளவு, யூரியா எப்போது?

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றை நம்பித் தைப்பட்டத்தில் சோளம் போடுகிறவர்கள் பலர் உரம் என்றதும் யூரியா மூட்டையைத்தான் தேடுகிறார்கள். முதலில் குப்பையைப் பாருங்கள். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம், கடைசி உழவுக்கு முன்னால் சிதறி மண்ணோடு கலந்துவிட வேண்டும். நன்றாக மக்கியிருப்பது ரொம்ப முக்கியம். கூளமும் பச்சைச் சாணியுமாகக் கொட்டினால், அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களே மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுத்துப்போகும். அவ்வளவு குப்பை கிடைக்காதவர்கள் அறுப்பு முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட, மந்தை ஓட்டி வருகிற கீதாரிகளிடம் பேசலாம். புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்கும், வண்டி வாடகையும் மிச்சம்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்கிற நுண்ணுயிர் உரங்கள் இரண்டும் 200 கிராம் பொட்டலமாக ஏக்கருக்கு நான்கு நான்கு, மக்கிய குப்பையில் கலந்து விதைப்புக்கு முன் தூவுங்கள். ரசாயன உரத்தோடு மட்டும் கலக்கவே கூடாது.

சரி, மூட்டை உரம். மண் பரிசோதனை செய்திருந்தால் அதில் சொன்ன அளவுதான் சரி. இல்லையென்றால் ஏக்கருக்குத் தழைச்சத்து 36, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 18, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 18 கிலோ. கடைக் கணக்கில் யூரியா 78 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 112 கிலோ, பொட்டாஷ் 30 கிலோ. சூப்பரும் பொட்டாஷும் முழுவதும் விதைக்கும்போதே போடுகிற அடியுரம், யூரியாவில் பாதி அப்போதே. நம் கரிசலில் மணிச்சத்து சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு போட்ட இடத்தைவிட்டு நகராது, அதனால் மேலே வீசாமல் விதைக்கிற வரிசையில் கொஞ்சம் ஆழமாக விழும்படி போடுங்கள். சூப்பருக்குப் பதில் டிஏபி (டைஅமோனியம் பாஸ்பேட்) என்றால் 39 கிலோ போதும், அதிலேயே தழைச்சத்து இருப்பதால் அடியுர யூரியாவை 24 கிலோவாகக் குறைத்துவிடலாம்.

மீதி யூரியாவை விதைத்த 15, 30ஆம் நாள்களில் சரிபாதியாகப் போடுங்கள். களையெடுத்த பிறகு போட்டு, உடனே தண்ணீர் பாய்ச்சுங்கள். காய்ந்த மண்ணில் வெயிலுக்குக் கிடந்தால் கொடுத்த காசு அமோனியாவாகப் பறந்துவிடும்.

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. அதற்கு யூரியா போடாதீர்கள்; 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளியுங்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: யூரியா அதிகம் தின்று, தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கிற இளஞ்சோளத்தில் நச்சு கூடியிருக்கும். அதை அறுத்துப் போடவோ மேய விடவோ வேண்டாம், உயிரே போய்விடும்.