நோயும் பசியும் சேர்ந்து தாக்கும்போது: குழந்தைகளுக்கான நிவாரணப் பணி

உணவுப் பற்றாக்குறையும் தொற்றுநோயும் ஒன்றாக வந்த இடத்தில், உணவுக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை எனப் பிரித்து வைப்பது நிர்வாகத்துக்கு எளிது, குழந்தைக்கு நல்லதன்று. பட்டினியால் எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தையை வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் எளிதில் பற்றுகின்றன. நோய் கண்டபின் பசி மந்தித்து உடல் மேலும் மெலிகிறது. எழுந்து வர முடியாத குழந்தை எந்த வரிசையிலும் நிற்காது என்பதால், தொண்டர்கள் வீடுவீடாக, கூடாரம் கூடாரமாகச் சென்று தேடுவதே முதல் வேலை.

6 முதல் 59 மாதம் வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இடது மேற்கையின் சுற்றளவை நிற நாடாவால் அளக்க வேண்டும். முழங்கையை மடக்கி, தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, நாடா சதையை அழுத்தாமலும் தொய்யாமலும் அளக்க வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் கடுமையான ஊட்டக்குறை. 115 முதல் 125க்குள் இருந்தால் மிதமானது. அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால், நாடா இயல்பைக் குறிக்கும் பச்சையைக் காட்டினாலும் அது கடுமையான நிலையே. குழந்தை பூசினாற்போல் இருக்கிறது என்று வீட்டார் தேறுதல் கொள்வது பெரும்பாலும் இந்த வீக்கத்தைப் பார்த்துத்தான். தாய்மாருக்கே நாடாவைக் கொடுத்து அளக்கப் பழக்கினால், வேறு எவரையும்விட அவர்கள் முன்னதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடுமையான நிலையிலுள்ள குழந்தை விழிப்பாக இருந்து, இதற்கெனவே தயாரித்துப் பொட்டலமாகக் கொடுக்கும் நிலக்கடலைச் சத்துப்பசையை விரும்பி உண்டால், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் ஏறத்தாழ 500 கலோரி உண்டு. அதைச் சமைக்கவோ தண்ணீரில் கரைக்கவோ கூடாது. குடிக்கச் சுத்தமான நீரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். குடும்பத்துக்கும் உணவுப்பங்கு தராவிட்டால் அந்தப் பொட்டலம் உடன்பிறந்தோரிடையே பங்கு போடப்படும். அதற்காகத் தாயைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. உண்ண மறுக்கும், சோர்ந்து கிடக்கும், உடல் சில்லிட்ட குழந்தையை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அங்கும் தொடக்கத்தில் சிறிது சிறிதாக, இரவிலும் இடைவிடாமல் ஊட்டுவார்கள். இரக்கத்தால் ஒரேயடியாக ஊட்டுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வயிற்றுப்போக்கு கண்டால், ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைத் தூள் பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு பாதுகாப்பான நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தைகளுக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடரலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்டோருக்குத் துத்தநாக மாத்திரை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. கடுமையான ஊட்டக்குறையுள்ள குழந்தைக்கு நீரேற்றும் முறை வேறு. அதை மருத்துவப் பணியாளரே முடிவு செய்ய வேண்டும்.

நெருக்கடிக் காலத்தில் தட்டம்மைத் தடுப்பூசியை ஆறு மாதத்திலிருந்தே போடுவதுண்டு. ஒன்பது மாதத்துக்கு முன் போட்டதை வழக்கமான தவணையாகக் கணக்கிடாமல், மீண்டும் உரிய வயதில் போட வேண்டும்.

பால்மாவு நன்கொடையை ஏற்காதீர்கள். அசுத்த நீரில் கரைத்த புட்டிப்பால் வயிற்றுப்போக்கை வரவழைக்கும். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத சிசுவுக்கு மட்டும், சுகாதாரப் பணியாளர் மேற்பார்வையில் மாற்றுப்பாலைக் கிண்ணத்தால் புகட்டலாம். கிண்ணத்தைக் கழுவுவது எளிது, புட்டியின் ரப்பர் முனையை முகாமில் சுத்தமாக வைத்திருப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.