நிறுத்தி வைத்த டிரெய்லரில் பேட்டரி செத்த கதை

காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்கும் டிரெய்லர் என்னுடையது. மூன்று மாதம் நிறுத்தி வைத்த பிறகு அதன் 12 வோல்ட் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 10.8 வோல்ட், அதாவது காலி! எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். லெட்-ஆசிட் பேட்டரி இப்படிக் காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும்; என்னுடையது மீளவே இல்லை.

புது பேட்டரி மாட்டி, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி அளந்ததில் ஆள் பிடிபட்டது: கேஸ் கசிவு அலாரம். அதற்குச் சுவிட்சே கிடையாது, இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்காக அதன் ஃபியூஸை மட்டும் பிடுங்கி வைக்காதீர்கள். மறந்துபோய் உள்ளே படுத்தால் உயிருக்கே ஆபத்து.

இப்போதெல்லாம் முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, பேட்டரியையே தனியாக எடுத்து வைக்கிறேன். மாதம் ஒருமுறை அளப்பேன். 12.4 வோல்ட்டுக்கு இறங்கினால் ஸ்மார்ட் சார்ஜர் (நிரம்பியதும் தானே சார்ஜைக் குறைத்துக்கொள்வது). திறந்து ஊற்றக்கூடிய பேட்டரியில் உள்ளே திரவம் தகடு மூழ்கும் அளவு இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.