பழைய வெள்ளியில் முத்திரை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னீர்ச் செம்பு, வெற்றிலைப் பெட்டி, பால் ஜாடி என்று வெள்ளைக்காரர் காலத்து வெள்ளிச் சாமான்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கக்கூடும். ஒரு பக்கம் மெட்ராஸ், இன்னொரு பக்கம் பெங்களூர் கண்டோன்மென்ட். இரண்டு ஊர்ச் சரக்கும் இங்கே வந்து சேர வழி உண்டு. கடைக்குக் கொண்டுபோனால் 'பழைய வெள்ளி' என்று கிராம் கணக்கில் எடுத்து உருக்கிவிடுவார்கள். அதற்கு முன் அடியைத் திருப்பி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்ப்பதற்கு முன்பே விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்க்கத் தேய்க்க முத்திரை மழுங்கும். குழிக்குள் படிந்த கறுப்புதான் எழுத்தை எடுத்துக் காட்டும். பத்து மடங்கு லென்ஸும் பக்கவாட்டு வெளிச்சமும் போதும்.

அடுத்தது, நான் அதிகம் வருத்தப்படும் தவறு. 'ஹால்மார்க் இல்லை, அப்போ இது நல்ல வெள்ளி இல்லை' என்று முடிவுகட்டுவது. இங்கிலாந்தில் இருந்ததுபோல வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் பிரிட்டிஷ் இந்தியாவில் கிடையாது. நம் பி.ஐ.எஸ். வெள்ளி ஹால்மார்க்கே 2005-இல்தான் வந்தது. தரம், இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் அளவான 92.5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் போலி என்று ஒதுக்க வேண்டாம். ஆசாரிகள் வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்வது வழக்கம். 1835 முதல் 1939 வரை வந்த வெள்ளி ரூபாயின் தரமே 91.7 சதவீதம்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கல்கத்தா ஹாமில்டன் கம்பெனி தன் பெயரின் எழுத்துகளோடு யானை, தனி எழுத்து என்று வரிசையாகக் குத்தியது. பார்வைக்கு லண்டன் முத்திரை மாதிரியே இருக்கும். அந்தத் தனி எழுத்தை, எந்த எழுத்து எந்த வருடம் என்று காட்டும் லண்டன் அட்டவணையில் தேடி வருடம் சொன்னால் தப்பாகத்தான் வரும். நிஜ லண்டன் முத்திரையில் நடக்கும் சிங்கமும் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். 1784 முதல் 1890 வரை அரசர் அல்லது அரசியின் தலையும் சேர்ந்திருக்கும். அதெல்லாம் சரியாக இருந்து, கூடவே மெட்ராஸ் கடைப் பெயரும் இருந்தால், பொருள் இங்கிலாந்தில் செய்து இங்கே விற்றது.

கடைப் பெயரையே செய்தவர் பெயராக எடுத்துக்கொள்வதும் சரியில்லை. 1849-இல் தொடங்கிய மெட்ராஸ் பி.ஆர் அண்ட் சன்ஸ் பெயரில் வந்த 'சுவாமி' வேலைப்பாட்டைப் பாருங்கள். சாமி உருவங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிய கை நம் ஆசாரிகளுடையது. அவர்கள் பெயர் அடியில் இருக்காது. பட்டியலில் எழுதும்போது 'விற்ற நிறுவனம்' என்று எழுதினால் அது அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும் பழக்கம் உண்டல்லவா? அதை முத்திரை என்று நினைத்துவிடுகிறோம். வெட்டிய பெயர் கோடாகவோ புள்ளிகளாகவோ உள்ளே இறங்கியிருக்கும். பழைய முத்திரையில் பெரும்பாலும் சின்னக் கட்டம் பள்ளமாகவும் அதற்குள் எழுத்து மேடாகவும் இருக்கும். தலைகீழாகவும் ஏமாறலாம்: 'ஓ.எம்.' என்ற ஆங்கில எழுத்துகளை யாரோ ஒருவரின் இனிஷியல் என்று விட்டுவிடுவார்கள். அது குஜராத் கட்ச் பகுதியின் புஜ் ஊரில் வேலை செய்த பேர்பெற்ற வெள்ளி ஆசாரி ஊமர்சி மாவ்ஜியின் முத்திரையாக இருக்கலாம். வேலைப்பாடு மட்டமாக இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். பெயருக்கே விலை என்பதால் பின்னாளில் குத்தியதும் உண்டு.

'இ.பி.என்.எஸ்.' என்று நான்கு கட்டங்களில் இருந்தால் மேலே வெள்ளி முலாம், உள்ளே வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர். அவ்வளவுதான்.

கடையில் தரம் பார்க்க அரம் போடுவார்கள். முத்திரைக்குப் பக்கத்தில் போட வேண்டாம், அடி விளிம்பில் போடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கும் முன்னால் முத்திரையைக் கிட்டே வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.