விண்டோ திறப்பதற்கு முன்பே ஸ்பிரிங் கன்டெய்னரைத் தொடங்கிவிடுங்கள்

ஜாவாஎஃப்எக்ஸில் (ஜாவாவில் திரைகளை உருவாக்கும் கருவித்தொகுப்பு) டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்கள் ஸ்பிரிங் கன்டெய்னரை (மென்பொருளின் பாகங்களை உருவாக்கி ஒன்றோடொன்று இணைத்துத் தருவது) 'ஸ்டார்ட்' மெத்தடில் தொடங்காதீர்கள். அதற்கு முன்பே ஓடும் 'இனிட்' மெத்தடில் தொடங்குங்கள்; 'ஸ்டாப்' மெத்தடில் மறக்காமல் மூடிவிடுங்கள்.

'ஸ்டார்ட்' ஓடுவது திரையை வரையும் அதே த்ரெட்டில் (நிரலின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தடம்). டேட்டாபேஸ் இணைப்பு, பீன்கள் (கன்டெய்னர் உருவாக்கித் தரும் பாகங்கள்) என்று கன்டெய்னர் எல்லாவற்றையும் கோத்து முடிக்கும்வரை திரை அப்படியே உறைந்து நிற்கும். 'இனிட்' வேறு த்ரெட்டில் ஓடுவதால், அந்த நேரத்தில் பிரீலோடரில் (மென்பொருள் தயாராகும்வரை தெரியும் சிறு திரை) 'தயாராகிறது' என்று காட்டலாம். வேலூர் லாங் பஜாரில் காலையில் கடை திறந்ததும் பில் போட உட்காருபவருக்கு, சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டதோ என்ற பதற்றம் இருக்காது. அதைவிடப் பெரிய லாபம் என்று நான் நினைப்பது இதை: ஒரு பீன் விடுபட்டிருந்தால், விண்டோ திறப்பதற்கு முன்பே பிழை வந்துவிடும். வாடிக்கையாளர் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போது வராது.

ஸ்டேஜ் (விண்டோ), சீன் (அதன் உள்ளடக்கம்) இரண்டையும் 'இனிட்'டுக்குள் உருவாக்கக் கூடாது. அவை 'ஸ்டார்ட்'டிலேயே இருக்கட்டும்.

வெப் அப்ளிகேஷனுக்கு இது தேவையில்லை, ஸ்பிரிங் பூட்டே பார்த்துக்கொள்ளும். லேசி இனிஷியலைசேஷனை (பீன்களைத் தேவைப்படும்போது மட்டும் உருவாக்கும் முறை) இயக்கியிருந்தால் பிழை முன்கூட்டித் தெரியாது. அந்த பீன் முதன்முதலில் தேவைப்படும்போதுதான் தெரியும்.