கேபிள் ஹெட்பேண்ட் பின்னுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோஹன்னஸ்பர்க்கில் மே மாதம் பிறந்தால் முதலில் குளிர்வது காதுதான். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் விடியற்காலையில் புல்தரை உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்று, இங்கே ஆடி என்றால் நடுக்குளிர். மாரியம்மனுக்குக் கூழ் வார்க்க இருட்டோடு எழுந்து வரும் பெண்களுக்கு முந்தானையை இழுத்துப் போர்த்தினால் போதாது. பீனித் தொப்பி போட்டால் கொண்டையும் பூவும் நசுங்கிவிடும். ஹெட்பேண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த ஊரின் லெனேசியா பகுதியில் என்னிடம் பின்னல் பழக வருகிறவர்கள் ஸ்கார்ஃப் ஒன்றை முடித்த கையோடு, "அக்கா, அந்தக் கயிறு முறுக்கின மாதிரி ஹெட்பேண்ட் எப்படிப் போடுறது?" என்றுதான் கேட்கிறார்கள்.

சங்கி எனும் தடித்த வுல், தடித்த ஊசி, நடுவே கேபிள் எனும் பெரிய கயிற்று முறுக்கு. இரண்டு மாலையில் முடிகிற வேலைதான். ஆனால் நான் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை ஒவ்வொரு குளிர்காலமும் புதியவர்கள் கையில் பார்க்கிறேன். கண்ணி நழுவுவது, ஓரம் கோணுவது எல்லாம் கை பழகினால் தானாகச் சரியாகும், அவற்றை விட்டுவிடுகிறேன். பணத்தையும் வேலையையும் சேர்த்து விழுங்குகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

ப்ளெயின் சதுரத்தை நம்பிக் கேபிள் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

சங்கி வுல் பந்தின் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் 6.5 மில்லிமீட்டர் ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 14 கண்ணி என்று போட்டிருக்கும். அது ஒரு வரிசை ப்ளெயின் (நேர்க்கண்ணி), ஒரு வரிசை பர்ல் (புறக்கண்ணி) என்று பின்னிய வழவழப்பான துணிக்கான கணக்கு. கேபிளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஆறு கண்ணியில் மூன்றைத் தூக்கி மற்ற மூன்றின் மேல் குறுக்கே போடும்போது, பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டிய கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. துணி தடிக்கிறது, அகலம் சுருங்குகிறது. அதே நூல், அதே ஊசி, அதே கை. ஆனால் நெருக்கமாகக் கேபிள் போட்ட இடத்தில் என் கையில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வரை வந்துவிடும்.

இது எத்தனை பெரிய வித்தியாசம் என்பதற்குச் சென்ற குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் பழகும் ஒரு பெண் தன் மகளுக்காக வட்ட ஊசியில், தையலே இல்லாமல், சுற்றிலும் கேபிள் வருகிற மாதிரி ஹெட்பேண்ட் போட்டாள். ஆறு கண்ணிக் கேபிள், இரண்டு பர்ல், மறுபடி ஆறு. சுற்றளவு 50 செ.மீ. வேண்டும், லேபிளில் 14 கண்ணி, ஆக 70. எட்டின் மடங்காக இருக்கட்டும் என்று 72 கண்ணி ஏற்றினாள். கணக்கில் பிழை இல்லை, கணக்குக்கு எடுத்த எண்தான் பிழை. அளவு பார்க்க முதலில் மாதிரித் துண்டு போட்டாயா என்று கேட்டேன். "போட்டேன் அக்கா, சரியா 14 வந்துச்சு" என்றாள். ப்ளெயினில் போட்டிருக்கிறாள். கேபிளில் போட்டுப் பார் என்று சொன்னதற்கு, வுல் வீணாகும் என்றாள்.

முடித்தபோது சுற்றளவு 40 செ.மீ. பெரியவர்கள் தலை 54 முதல் 58 செ.மீ. வரை இருக்கும். கேபிள் போட்ட துணி, ப்ளெயினும் பர்லும் மாறி மாறி வரும் ரிப்பைப் போல இழுத்த இழுப்புக்கு வராது. நெற்றியைத் தாண்டுவதற்குள் மகள் வலிக்கிறது என்று கழற்றிவிட்டாள். பிரிப்பதைத் தவிர வழியில்லை. சரியான அளவுக்கு 88 கண்ணி வேண்டும், 16 கண்ணி கூடுதல், அதற்கு வுல் போதவில்லை. கடைக்குப் போனால் அதே நிறம் இருக்கிறது, லேபிளில் உள்ள சாய எண் வேறு, அதாவது வேறொரு தடவை சாயமிட்டது. பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு பந்தும் பக்கத்தில் வைத்துப் பின்னியதும் நடுவில் கோடு விழுந்தது. கடைசியில் புதிதாக எல்லாப் பந்தையும் வாங்கினாள். ஒரு சாண் மாதிரித் துண்டுக்குப் பார்த்த சிக்கனம் இதில் கொண்டுபோய் விட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மண்டேலா தினத்துக்காக 67 போர்வைகள் பின்னும் இயக்கம் 2014-இல் தொடங்கிய பிறகு நம் பெண்கள் பலர் ஊசி எடுத்தார்கள். நல்ல காரியம், நானும் சதுரங்கள் பின்னிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் போர்வைச் சதுரம் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் இணைக்கும்போது இழுத்துச் சரிசெய்துவிடலாம். தலையில் மாட்டுவதில் அந்தச் சலுகை கிடையாது.

சரியான மாதிரித் துண்டு இப்படி: எந்தக் கேபிளைப் போடப் போகிறீர்களோ அதையே போடுங்கள். மேலே சொன்ன எட்டுக் கண்ணிக் கட்டமைப்பு என்றால் மூன்று கேபிள், 24 கண்ணி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூடுதல். குறைந்தது மூன்று முறை குறுக்கே போட்டு முடியுங்கள். ஒரே ஒரு குறுக்கில் துணி எவ்வளவு இழுக்கும் என்று தெரியாது. ஊசியில் இருக்கும்போது அளக்காதீர்கள். முடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டித் தண்ணீரைப் பிழிந்து, தட்டையாகப் போட்டுக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு மேசையில் வைத்து, கையால் நீவாமல், ஓரக் கண்ணிகளை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் 24 கண்ணியை மட்டும் அளந்து பாருங்கள். 13.3 செ.மீ. வந்தால் 10 செ.மீ.க்கு 18. அப்படியானால் 88 கண்ணிக்கு, அதாவது 11 கேபிளுக்கு, சுமார் 49 செ.மீ. வட்டமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரியையும் வட்டமாகவே போடுவது நல்லது. பலருக்கு பர்ல் வரிசை கொஞ்சம் தளர்வாக வரும், வட்டத்தில் அந்தத் தளர்வு இருக்காது.

நீளப் பட்டியாகப் பின்னிக் கடைசியில் இணைக்கிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்குச் சுருங்குவது பட்டியின் அகலம். 11 செ.மீ. வரும் என்று நினைத்து 16 கண்ணி ஏற்றினால் 9 செ.மீ.தான் தேறும், காதின் கீழ்ப்பாதி வெளியே நிற்கும். காதை மூடத்தானே இதைப் பின்னுகிறோம்!

பந்து வாங்கும்போதும் கேபிளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுத் துணிக்குக் கேபிள் அதிக நூல் தின்னும். ஒரே சாய எண்ணில் ஒரு பந்து கூடுதலாக எடுங்கள்.

தலையளவுக்கே பின்னுவது

தலை 55 செ.மீ. என்றால் பட்டி 50 இருக்கட்டும். 55-க்கே பின்னினால் நாலு நாளில் தளர்ந்து கண்மேல் விழும்.

மொஹேர் மோகம்

மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர். உலக மொஹேரில் ஏறக்குறைய பாதி நம் தென்னாப்பிரிக்காவிலிருந்து போகிறது. அங்கோரா ஆடுகள் 1838-இல் இங்கே வந்தன, ஈஸ்டர்ன் கேப்பிலும் கரூவிலும் செழித்தன. அந்தப் பெருமையில் முதல் ஹெட்பேண்டுக்கே மொஹேர் வாங்கி வருகிறவர்கள் உண்டு. ஸ்கார்ஃபுக்கு மொஹேர் அருமை, கேபிள் ஹெட்பேண்டுக்கு இரண்டு வகையில் பொருந்தாது. அதன் இழை நேராக, வழுக்கலாக இருக்கும், மெரினோ செம்மறியின் வுல்லில் இருப்பது போன்ற நெளிவு குறைவு. அந்த நெளிவுதான் இழுத்த துணியைத் திரும்பச் சுருங்க வைக்கிறது. அது இல்லாத பட்டி விரிந்தால் விரிந்ததுதான். அடுத்தது, மேலே எழும் பூமயிர் கேபிளின் மடிப்பை மூடிவிடும். அதோடு பிழை வந்து பிரிக்க நேர்ந்தால் மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அறுந்து வரும். மெரினோவோ மெரினோ கலந்ததோ வாங்குங்கள்.

சங்கி கிடைக்காவிட்டால் அதைவிட மெல்லிய டபுள் நிட் நூலை இரட்டையாகப் பிடித்துப் பின்னலாம், ஏறக்குறைய அதே தடிமன் வரும். அதற்கும் மாதிரித் துண்டு உண்டு.

கறுப்பு, நேவி

பள்ளிச் சீருடைக்குப் பொருந்தட்டும் என்று அடர்நிறம் எடுக்கிறார்கள். கேபிள் தெரிவது நிழலால். கறுப்பில் நிழல் தெரியாது. சீருடைக்குத்தான் என்றால் வெறும் ரிப் போதும்.

வரிசையை மனதில் எண்ணுவது

எட்டு வரிசைக்கு ஒரு குறுக்கு என்றால், பேச்சு வாக்கில் ஒன்று ஆறிலும் இன்னொன்று பத்திலும் விழுந்துவிடும். கயிறு ஓரிடத்தில் குட்டையாகவும் ஓரிடத்தில் தொங்கலாகவும் தெரியும். குறுக்கே போட்ட வரிசையில் வேறு நிற நூல்துண்டு ஒன்றைக் கண்ணியில் மாட்டிவிடுங்கள். மறந்துவிட்டால் துணியே சொல்லும்: குறுக்குப் போட்ட இடத்தின் ஓரத்தில் சின்ன ஓட்டை இருக்கும். கீழிருந்து ஒரு விரலை அதற்குள் விட்டு மேலே தள்ளினால், விரலின் மேல் ஏணிப்படி மாதிரிக் கிடைக்குறுக்கு நூல்கள் விரியும். ஒவ்வொரு படியும் குறுக்குக்குப் பிறகு பின்னிய ஒரு வரிசை.

முன்னால், பின்னால்

தூக்கிய கண்ணிகளைத் தாங்கும் சின்னக் கேபிள் ஊசியை முன்னால் பிடித்தால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் பிடித்தால் வலப்பக்கம். ஒன்று மாறிப்போனால் முழுவதையும் பிரிக்க வேண்டாம். அந்த ஆறு கண்ணியை மட்டும் கீழே இறக்கித் திருத்திக்கொண்டு ஏறலாம்.

பர்ல் இல்லாத கேபிள்

இரண்டு பக்கமும் இரண்டு பர்ல் கண்ணியாவது விடுங்கள். இல்லையேல் கேபிள் எழும்பாது.

இஸ்திரி

அக்ரிலிக் கலந்த நூலின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டி படவே கூடாது. இழை உருகிக் கேபிள் சப்பையாகிவிடும், பிறகு எதைச் செய்தாலும் எழாது.

இணைப்பைக் காதோரம் விடுவது

தடித்த நூலில் தையல் மேடு கட்டாயம் இருக்கும். அது பிடரிக்கு வர வேண்டும். பட்டியை முடித்ததும் உடனே தைக்காமல் இரண்டு முனையையும் ஊக்கால் பிணைத்து, வீட்டுக்குள் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு வேலை பாருங்கள். நழுவினால் ஒரு கேபிள் நீளத்தைப் பிரித்துக் குறையுங்கள், நெற்றியில் தடம் விழுந்தால் இன்னொன்று கூட்டுங்கள். அதற்குப் பிறகு தையுங்கள்.