கர்த்தரை நம்பும்போது நாம் செய்கிற தவறுகள்

‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறோம், திங்கட்கிழமை வேலை போய்விடுமோ என்ற பேச்சு காதில் விழுந்ததும் தூக்கம் போய்விடுகிறது. ஏன்? கேட்டதை, நாம் குறித்த தேதிக்குள் தருவார் என்பதையே விசுவாசம் என்று பலரும் எண்ணிக்கொள்கிறோம்.

நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், 70 வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறார். அதுவரை? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்று, எரேமியா தீர்க்கதரிசி அவர்களுக்கு அனுப்பின அதே கடிதத்தில் எழுதியிருக்கிறது. பதில் வரும்வரை வாழ்க்கையை நிறுத்திவைக்கச் சொல்லவே இல்லை, எனக்கு இது பெரிய ஆறுதல்.

அப்புறம் அவசரம். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்படும்போது வயது 75, கர்த்தர் வாக்களித்த மகன் ஈசாக்கு பிறக்கும்போது 100. இடையில் பொறுக்க முடியாமல் மனைவி சாராய் சொன்ன யோசனைப்படி அவளுடைய அடிமைப்பெண் ஆகாரைச் சேர்த்துக்கொண்டார், 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான். கடைசியில் கொஞ்சம் அப்பத்தோடும் ஒரு துருத்தித் தண்ணீரோடும் வனாந்தரத்தில் அலைந்தது யார்? ஆகாரும் அந்தப் பிள்ளையும்தான். நம் அவசரத்தின் பாரம் பக்கத்தில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது என்பதை யோசிக்காமலேயே முடிவெடுத்துவிடுகிறோம்.

இன்னொரு பக்கம், நம்பிக்கை என்ற பெயரில் சும்மா இருந்துவிடுவது. எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, எதிரிகளின் மிரட்டலுக்கு நடுவே கட்டும்போது நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். ‘ஜெபித்துவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம்’ என்று உங்களுக்கு வேண்டியவர் யாராவது சொன்னால், தயவுசெய்து பேசித் தடுத்துவிடுங்கள்.

சரி, ஆமென் சொன்ன கையோடு போனை எடுத்து, அதே வியாதியின் பெயரைப் போட்டு நடுராத்திரிவரை தேடிக்கொண்டிருக்கிறோமே? கவலை திரும்ப வந்தால் விசுவாசமே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், திரும்பவும் ஜெபியுங்கள். பவுல், தன் சரீரத்தில் இருந்த ‘முள்’ என்று அவர் சொல்லும் உபத்திரவம் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில் வந்தது.

சந்தேகத்தை மறைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மாற்கு 9-ல், அசுத்த ஆவி பிடித்த மகனை இயேசுவிடம் கொண்டுவந்த ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கண்ணீரோடு சொல்கிறார். முதலில் முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் அந்தத் தகப்பன் சொன்னதையே நீங்களும் சொல்லலாம்.